பழுதுபார்த்தலும் ஓர் அறம்

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் மாலை, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை நடத்தும் பங்குமக்களில் ஒருவர் என்னைக் காண வந்தார். சேலத்து வெயிலைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. லீ பஜார் மண்டிகளில் மூட்டை இறக்குவோர், நண்பகலில் லாரிகளின் நிழலில் ஒதுங்கிப் படுத்துவிடும் காலம் அது. வந்தவர் ஒரு குவளை நீர் அருந்திவிட்டு, "சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ண வரல. ஆனா அது மாதிரி ஒண்ணுதான். அப்பாவோட கார் விஷயமா நீங்க ஒரு வழி சொல்லணும்" என்றார்.

கார் ஓர் அம்பாசிடர் மார்க் 2. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராத் தொழிற்சாலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கி, 2014 மே மாதத்தில் நிறுத்திவிட்ட அந்தப் பழைய தோழனை அறியாதவர் நம்மில் யார்? இவருடைய தந்தையார் அதனை 1973ஆம் ஆண்டில் வாங்கினார். வாங்கியபோது அதில் குளிர்சாதன வசதி இல்லை. 1986ஆம் ஆண்டில் தாயாருக்கு ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. மாதம் ஒருமுறை வேலூருக்குச் சென்று வர வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் தந்தையார் கடன் வாங்கிச் சென்னைக்குச் சென்று, காருக்கு ஏ.சி. பொருத்திக்கொண்டு வந்தார். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி, எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்ரசர், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கன்டென்சர். தெருவே வந்து பார்த்ததாம்.

தந்தையார் இன்று இல்லை. ஏ.சி.யும் இயங்காமல் போய்ப் பல ஆண்டுகள் ஆயின. தாயாருக்கோ எண்பத்தைந்து வயது. "ஒரு தடவை அப்பா கார்லயே ஏற்காடு போய்ட்டு வரணும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மகனுக்கு மூவர் மூன்று விதமாக ஆலோசனை கூறியிருந்தார்கள். பழைய கார்களில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர், ஏ.சி.யை முற்றிலும் கழற்றிவிடச் சொன்னார். ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் ஏதுமின்றித் தம் மூல வடிவில் பேணப்படும் வாகனங்களைப் பாரம்பரிய வாகனங்களாகத் தனியே பதிவு செய்ய, மத்திய அரசு 2021ஆம் ஆண்டில் விதி வகுத்துள்ளது. அந்தப் பெருமையைப் பெற வேண்டுமானால் 1973இல் இருந்தபடியே கார் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். இளைஞரான மெக்கானிக் ஒருவர், பழையதை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு இன்றைய கார்களில் உள்ளதைப் போன்ற புதிய அமைப்பை வைத்துவிடலாம் என்றார். மூன்றாமவர் முதிய மெக்கானிக். "உங்கப்பா வச்சதையே ஓட வச்சுத் தர்றேன். பழைய கேஸ் கொஞ்சம் சிலிண்டர்ல வச்சிருக்கேன். உள்ளே மிச்சம் கெடக்கறதத் தெறந்து விட்டுட்டு இத அடைச்சாப் போதும். ஒரு கிலோ கேஸ்ல வானம் ஓட்டையா விழுந்துடும்?" என்பது அவர் பேச்சு.

"அப்பா வச்சது அப்படியே இருக்கணும்னு மனசு சொல்லுது. ஆனா பையன் பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு வந்து, அந்த கேஸ் பாவம்பான்னு சொல்றான். எது சரி சாமி?"

நான் உடனே விடை கூறவில்லை. இரண்டு வாரம் தவணை கேட்டேன். அந்த இரண்டு வாரத்தில் எண்ணியதையே இங்கு எழுதுகிறேன். ஒரு காரைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கியதில் இரண்டு கேள்விகள் பொதிந்திருந்தன. ஒன்று, ஒரு பொருள் எப்போது "அதே பொருளாக" இருக்கிறது என்பது. மற்றொன்று, மிகச் சிறிய தீங்கின் எடை என்ன என்பது.

முதற்கேள்வி மிகப் பழையது. ஏதென்ஸ் நகரத்தார் தெசேயு என்னும் வீரனின் கப்பலைப் பாதுகாத்து வந்தார்கள் என்றும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் புதியன பொருத்தினார்கள் என்றும், அது அதே கப்பல்தானா என்று தத்துவ அறிஞர்கள் வாதிட்டார்கள் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இன்னும் ஒரு முடிச்சைப் போட்டார். நீக்கிய பழைய பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் மற்றொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தெசேயுவின் கப்பல்?

குருமடத்தில் நாங்கள் பயின்ற புனித தாமஸ் அக்குவினாஸ், இதே வகைக் கேள்விக்கு நெருப்பை உவமையாகக் கூறுவார். எரிந்து தீர்ந்த விறகின் இடத்தில் புது விறகு வைக்கப்படுகிறது. ஆயினும் இடையில் அணையாமல் எரிவதால் அது ஒரே நெருப்பே. நம் உடலின் தசையும் இவ்வாறே மாறி வருகிறது. ஆயினும் ஆள் மாறுவதில்லை. பொருள் மாறினும் அதன் வடிவும் நோக்கமும் தொடருமானால், அது அதுவே.

இதனைக் காருக்குப் பொருத்திப் பார்த்தேன். அந்த நண்பர் காக்க விரும்பிய மூலம், தொழிற்சாலையின் மூலம். அந்த மூலத்துக்குத் திரும்பினால் 1986ஆம் ஆண்டின் கோடையும், வாங்கிய கடனும், மனைவிக்காக ஒரு கணவன் எடுத்த முயற்சியும் காரிலிருந்து கழற்றி எறியப்படும். அதனால் அவர் கூறியது தவறென்று ஆகிவிடாது. கோயம்புத்தூரில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜீ.டி. கார் அருங்காட்சியகத்திலும், சென்னையில் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்திலும் நிற்கும் கார்கள், தங்கள் காலத்துக்குச் சாட்சி கூற நிற்பவை. சாட்சியின் வாக்குமூலத்தைத் திருத்துவது முறையன்று. ஆனால் எல்லாப் பொருளும் சாட்சியாக நிற்பதில்லை. சில இன்னும் பணி செய்துகொண்டிருக்கின்றன. நம் ஆலயங்களில் நூறாண்டு கண்ட திருக்கிண்ணத்தின் உட்புறப் பொன்முலாம் தேய்ந்தால் மீண்டும் பூசுகிறோம். அதனால் அது வேறு கிண்ணமாகிவிட்டது என்று எவரும் கூறுவதில்லை. முலாம் தேய்ந்தபடியே பேணுவது அருங்காட்சியகத்துக்குப் பொருந்தும், பீடத்துக்குப் பொருந்தாது. ஆகவே, "இது மூலமா?" என்று கேட்பதற்கு முன், "இது இன்று எதற்காக நம்மிடம் இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையின் அந்தக் கார், ஒரு மூதாட்டியை வெயிலினின்று காப்பதற்காக இருக்கிறது. 1986ஆம் ஆண்டிலும் அது அதற்காகவே இருந்தது.

அப்படியானால் முதிய மெக்கானிக் கூறியதே சரியல்லவா என்று கேட்கலாம். இங்கேதான் இரண்டாம் கேள்வி எழுகிறது. அதற்கு அந்தப் "பழைய கேஸ்" எது என்று அறிந்தாக வேண்டும்.

1920களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்களே பயன்பட்டன. அவை கசிந்து வீடுகளில் உறங்கியவர்கள் இறந்ததுண்டு. இத்துயரத்தைத் தீர்க்க முனைந்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி. 1928ஆம் ஆண்டில் அவரும் தோழர்களும் குளோரின், புளோரின், கார்பன் மூன்றும் சேர்ந்த ஒரு வாயுவை உருவாக்கினார்கள். அது எரியாது, நச்சும் அன்று. 1930ஆம் ஆண்டில் வேதியியலார் அவையில் அவர் அதைத் தம் நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுதிரிமேல் ஊதி, சுடரை அணைத்துக் காட்டினார். ப்ரீயான் என்று பெயர் பெற்ற அதுவே ஆர்-12. 1940ஆம் ஆண்டுக்கான பேக்கார்டு கார்களில் முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்தப்பட்டது. பிறகு அரை நூற்றாண்டுக் காலம் உலகின் கார்களைக் குளிர்வித்தது இந்த வாயுவே.

1974ஆம் ஆண்டில் மரியோ மொலீனா, ஷெர்வுட் ரோலண்டு என்னும் அறிவியலார் இருவர் ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். எதனோடும் வினை புரியாத இவ்வாயு கீழ்வானில் சிதையாமல் மேலேறுகிறது; அங்கே கடும் புற ஊதாக் கதிர் பட்டு உடைகிறது; வெளிப்படும் குளோரின் அணு ஒன்று, பல்லாயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது என்று அவர்கள் எச்சரித்தனர். நம் தோலையும் கண்ணையும் பயிரையும் காக்கும் படலம் அது. 1985ஆம் ஆண்டில், தென்துருவத்துக்கு மேலே அப்படலம் கடுமையாக மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டறிந்து அறிவித்தனர். 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா அதில் 1992ஆம் ஆண்டு இணைந்தது. 2008 ஆகஸ்டு முதல், ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சிழுப்பு மருந்துக்கு மட்டும் விலக்களித்து, இவ்வகை வாயுக்களின் உற்பத்தியை இந்தியா நிறுத்திக்கொண்டது.

இதில் மிட்ஜ்லியின் குற்றம் என்ன? அறநெறி இறையியல் அறியாமையை இரண்டாகப் பிரிக்கும். எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. சற்று முயன்றிருந்தால் நீக்கியிருக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. முன்னது குற்றமாகாது. 1930ஆம் ஆண்டில் மெழுகுதிரியை ஊதி அணைத்தவர்க்கு மேல்வானத்தின் வேதியியல் தெரியாது; எவருக்கும் தெரியாது. 1986ஆம் ஆண்டில் கடன் வாங்கி ஏ.சி. பொருத்திய நம் தந்தையாரும் அவ்வாறே குற்றமற்றவர். ஆனால் அறிவு வந்த பிறகு அதே செயல் அதே செயலாக இருப்பதில்லை. தந்தை செய்ததையே மகன் செய்தாலும், தந்தை அறியாமல் செய்தார். மகன் அறிந்து செய்கிறார்.

இதனைக் கூறும்போது என் குற்றத்தையும் கூறியாக வேண்டும். 1998ஆம் ஆண்டு என்று நினைவு. நாமக்கல் பக்கத்தில் ஒரு பங்கில் துணைப் பங்குத்தந்தையாக இருந்தேன். இல்லத்தின் பழைய குளிர்சாதனப் பெட்டி பழுதாயிற்று. பழுதுபார்க்க வந்தவர் பின்புறத்துக் குழாயை வெட்டினார். உஸ்ஸென்று ஓர் ஓசை சிறிது நேரம் கேட்டு அடங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மொலீனாவும் ரோலண்டும் பால் குருட்சனோடு 1995ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற செய்தியை நாளிதழில் படித்திருந்தவன் நான். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவ்வாயு வானில் ஏறத்தாழ நூறாண்டு வாழக்கூடியது. இன்று நான் திருமுழுக்கு அளிக்கும் குழந்தை முதுமை எய்தும் வரையிலும், அன்று நான் விட்டதில் ஒரு பங்கு மேலே இருக்கும்.

"ஒரு கிலோவில் என்ன ஆகிவிடும்?" என்பதே முதியவரின் வினா. பொருளின் சிறுமை குற்றத்தைக் குறைக்கும் என்பது இறையியலும் ஒப்புக்கொள்வதே. ஒரு கைப்பிடி நெல் எடுத்தவனும் களஞ்சியத்தைக் கொள்ளையிட்டவனும் ஒன்றல்ல. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சிறு சிறு களவுகளால் சேர்ந்த மொத்தம் எவ்வளவு பெரிதாயினும், அதைத் திருப்பித் தரும் கடுமையான கடமை இல்லை என்று சிலர் போதித்தார்கள். திருத்தந்தை 11ஆம் இன்னசென்ட் 1679ஆம் ஆண்டில் கண்டனம் செய்த 65 கூற்றுகளில் இதுவும் ஒன்று. சிறுமைகள் கூடினால் பெருமை. கூட்டுத்தொகைக்கும் கணக்கு உண்டு என்பது அக்கண்டனத்தின் பொருள்.

அது ஒருவனே செய்த பல சிறு களவுகளைப் பற்றியது. இங்கோ பலர் ஆளுக்கொரு சிறு தீங்கு செய்கிறார்கள் என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பே. ஆனால் மண்டியைப் பாருங்கள். திறந்து வைத்த மூட்டையிலிருந்து வருவோரும் போவோரும் ஆளுக்கொரு கைப்பிடி அள்ளினால் மாலைக்குள் சாக்கு காலியாகும். பிறரும் அள்ளுகிறார்கள் என்று அறியாதவன் கைப்பிடிக்கு மட்டும் பொறுப்பாளி. அறிந்தும், "நான் எடுப்பது ஒரு பிடிதானே" என்பவனோ மூட்டை காலியாவதில் பங்காளி. வானம் எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்ட மூட்டை.

ஒரு கிலோ உண்மையிலேயே அவ்வளவு சிறிதா என்றும் பார்ப்போம். ஓசோனை அழிப்பதோடு, ஆர்-12 வெப்பத்தையும் பிடித்து வைக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 10,900 மடங்கு வலிமையுள்ளது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ அளவுக்குக் கரியமில வாயு உண்டாகும். ஆக, ஒரு கிலோ ஆர்-12 கசிவது ஏறத்தாழ 4,700 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பாகும். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடும் ஒரு கார் 47,000 கிலோமீட்டர் ஓட வேண்டும், அந்தக் கணக்கை எட்ட.

இரண்டு வாரம் கழித்து அவர் வந்தபோது இக்கணக்கைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "சாமி, பட்டறையில கொலுசு ராவறப்போ விழுற தூசக்கூட நாங்க கூட்டி எடுத்து வைப்போம். தரை மண்ணக் கழுவி அதுல வெள்ளி எடுப்போம். தூசுதானேன்னு நான் விட்டிருந்தா என்னைக்கோ பட்டறைய மூடியிருப்பேன். வானத்துக்கு மட்டும் தூசுதானேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். இறையியல் நூல்களில் நான் தேடிய விடை அவர் தொழிலில் இருந்தது.

ஆனால் இளைய மெக்கானிக் சொன்ன புதிய வாயு குற்றமற்றதா? அதையும் மறைக்கலாகாது. ஆர்-134ஏ என்னும் அதில் குளோரின் இல்லை. ஓசோனுக்குத் தீங்கு இல்லை. எனினும் வெப்பத்தைப் பிடிப்பதில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு. ஆகவே 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தம் இதனையும் படிப்படியாகக் குறைக்க விதிக்கிறது. இந்தியா அதனை 2021ஆம் ஆண்டில் ஏற்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015ஆம் ஆண்டின் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், பெருகிவரும் நுகர்வுக்கு எடுத்துக்காட்டாகக் குளிர்சாதனத்தையே சுட்டியது நினைவிருக்கலாம். அதே மடலில், மான்ட்ரியல் உடன்படிக்கையை நற்பலன் தந்த முயற்சிகளுள் ஒன்றாகவும் அவர் குறிப்பிட்டார். சமையல் எரிவாயு இனத்தைச் சேர்ந்த வாயுவைச் சிலர் நிரப்புகிறார்கள். பழைய எண்ணெயோடு அது ஒத்துப்போகும் என்பது மெய்யே. ஆனால் அது தீப்பற்றக்கூடியது. அதற்கென்று வடிவமைக்கப்படாத காருக்குள் மூதாட்டியை அமர்த்தி அதனை நிரப்புவது விவேகமன்று.

ஆகவே தூய வழி என்று ஒன்று இங்கில்லை. குறைந்த தீங்கும் மிகுந்த கவனமும் உள்ள வழியே உண்டு. மூதாட்டிக்குக் குளிர்ச்சி தேவை என்பது நியாயமான தேவை. மூச்சிழுப்பு மருந்துக்கு விலக்களித்தபோது சட்டமும் தேவையை மதித்தது. ஆனால் தேவை நியாயமானது என்பதால் அதனை நிறைவேற்றும் எல்லா வழியும் நியாயமாகிவிடாது. தீங்கு குறைந்த வழி கைக்கெட்டும்போது பழைய வழிக்குத் தேவை சாட்சியாகாது.

இங்கே ஆண்டவர் கூறிய பழந்தோற்பை உவமை நினைவுக்கு வந்தது. புதிய மதுவைப் பழைய தோற்பையில் ஊற்றினால் பையும் கெடும், மதுவும் சிந்தும். மெக்கானிக்கும் அதையே சொன்னார். புதிய வாயு பழைய ரப்பர் குழாய்களின் ஊடே எளிதில் கசியும். பழைய கனிம எண்ணெயோடு அது கலவாது. எண்ணெய் திரும்பி வராமல் கம்ப்ரசர் இறுகிப் போகும். ஆகவே குழாய், வளையம், ஈரம் உறிஞ்சும் குப்பி, எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும். உள்ளே இருப்பதை மாற்றத் துணிந்தவர் தாங்கும் கலத்தையும் மாற்ற வேண்டும். அரைகுறை மாற்றத்தில் பழையதும் நிலைக்காது, புதியதும் நிலைக்காது.

இறுதியில் அவர் செய்தது இது. மிச்சமிருந்த பழைய வாயுவைத் திறந்து விடாமல், மீட்பு எந்திரம் உள்ள ஒரு பட்டறையில் உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கச் செய்தார். டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள தந்தையின் பெட்டியையும் அதன் திருகுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உள்ளே எல்லாவற்றையும் புதிதாக்கினார். இணைப்புகளைக் கசிவு பார்த்து ஒன்றுக்கு இரண்டு முறை சோதித்தார். பழைய கம்ப்ரசரைத் துடைத்துப் பட்டறை அலமாரியில் வைத்தார். சாட்சியாக நிற்க வேண்டியது அங்கே நிற்கிறது. பாரம்பரியப் பதிவு கிடைக்காமல் போகலாம் என்று நண்பர் வருந்தினார். "போகட்டும்" என்றார் இவர்.

ஒரு ஞாயிறன்று தாயாரை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அடிவாரம் தாண்டியதும் தாயார் ஏ.சி.யை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கிவிட்டு மலைக்காற்றை வாங்கிக்கொண்டாராம். மறுநாள் வந்த மகனின் முகத்தில் ஒரு கலக்கம். "சாமி, அம்மா கைய அந்தப் பெட்டிகிட்ட வச்சு, இது உங்கப்பா வச்ச அதே காத்துடான்னு சொன்னாங்க. நான் ஆமாம்மான்னுட்டேன். பொய் சொல்லிட்டேனா?"

பொய்யில்லை என்றேன். விறகு மாறியது, நெருப்பு அணையவில்லை.

கழிந்தவற்றுக்கு நாம் செய்யக்கூடிய ஈடு சிறிதே. நான் 1998இல் விட்ட வாயுவைத் திரும்பப் பிடிக்க இயலாது. ஆனால் சிறு தீங்குகள் கூடிப் பெருகும் என்றால், சிறு தவிர்ப்புகளும் கூடிப் பெருக வேண்டும். அது வெற்று ஆறுதலன்று. உலக நாடுகள் அனைத்தும் ஏற்ற அந்த உடன்படிக்கை காக்கப்படுமானால், ஓசோன் படலம் உலகின் பெரும்பகுதியில் 2040ஆம் ஆண்டளவிலும், வடதுருவத்தில் 2045ஆம் ஆண்டளவிலும், தென்துருவத்தில் 2066ஆம் ஆண்டளவிலும் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று ஐக்கிய நாடுகளின் ஆதரவில் அமைந்த அறிவியல் குழு கணித்துள்ளது. எங்கோ பெயர் தெரியாத பட்டறைகளில் பலர் ஒரு திருகைத் திறவாமல் விட்டதன் கூட்டுத்தொகை அது.

அன்பர்களே, நம் இல்லங்களிலும் குளிர்சாதனப் பெட்டி உண்டு, சிலரிடம் ஏ.சி.யும் உண்டு. பழுதுபார்ப்பவர் வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே இருக்கிற கேஸ் எங்கே போகும்?" நான் ஒருநாள் கேட்கத் தவறிய கேள்வி அது.